எர்ன்ஸ்ட் ஹேக்கல்

எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் பிலிப் ஆகஸ்ட் ஹேக்கல் (பெப்ரவரி 16, 1834 – ஆகஸ்ட் 9, 1919) செருமனியைச் சேர்ந்த விலங்கியலாளர், மருத்துவர், ஓவியர், நூலாசிரியர் ஆவார். சொறிமுட்டைகள், கடற்பஞ்சுகள் முதலிய முதுகெலும்பிலிகளையும், ரேடியோலாரியா எனப்படும் ஒற்றைக்கல உயிர்களையும் ஆராய்ந்து ஆயிரக்கணக்கான இனங்களுக்குப் பெயரிட்டவர். சார்ல்ஸ் டார்வினின் படிவளர்ச்சிக் கொள்கையைச் செருமன் மொழி பேசும் நாடுகளில் பரப்பியவர்களுள் முதன்மையானவர். சூழலியல் என்ற துறைக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் பெயரை 1866 இல் உருவாக்கியவரும் இவரே. விலங்கு வகைப்பாட்டில் தொகுதி என்று தமிழில் குறிக்கப்படும் படிநிலைக்குரிய கிரேக்க வழிச் சொல்லும் இவர் ஆக்கியதாகும்.

தமிழ்நாட்டு, இலங்கைக் கரைகளில் சொறி, சொறிமுட்டை, இழுதுமீன், கடல்நுங்கு எனப் பல பெயர்களால் அழைக்கப்படும் உயிரினம் மீன் அன்று. அதற்கு எலும்பில்லை, மூளையில்லை, உடலின் பெரும்பகுதி நீரே. இத்தகைய ஓர் உயிரை விலங்குலகில் எங்கே வைப்பது என்ற கேள்வி 18 ஆம், 19 ஆம் நூற்றாண்டு விலங்கியலாளர்களை மிகவும் அலைக்கழித்தது. அக்கேள்விக்கு ஹேக்கல் அளித்த விடையில் ஒரு பகுதி இன்றும் நிலைத்துள்ளது. மற்றொரு பகுதி அவர் வாழ்ந்த காலத்திலேயே ஐயத்துக்குள்ளானது.

இளமையும் கல்வியும்

ஹேக்கல் பிரசிய நாட்டின் பொட்சுடாம் நகரில் பிறந்தார். தந்தை கார்ல் ஹேக்கல் அரசுப்பணியில் இருந்த சட்ட வல்லுநர். குடும்பம் விரைவில் மெர்சபூர்க் நகருக்குக் குடிபெயர்ந்ததால் இவரது பள்ளிப்படிப்பு அங்கேயே நடந்தது. சிறுவயதில் இவருக்குத் தாவரங்களைச் சேகரிப்பதில்தான் நாட்டம். ஆயினும் தந்தையின் விருப்பப்படி வியூர்சுபூர்க்கிலும் பெர்லினிலும் மருத்துவம் பயின்றார். ஆல்பர்ட் கோலிக்கர், ருடோல்ப் விர்ச்சோ ஆகியோர் இவருடைய ஆசிரியர்கள்.

இவரைக் கடல் விலங்குகளின் பக்கம் திருப்பியவர் பெர்லின் பேராசிரியர் யொகான்னஸ் மியுல்லர். 1854 ஆம் ஆண்டுக் கோடையில் மியுல்லருடன் வடகடலிலுள்ள ஹெலிகோலாந்து தீவுக்குச் சென்ற ஹேக்கல், மெல்லிய துணிவலையைக் கடல்மட்டத்தில் இழுத்து நுண்ணிய மிதவை உயிர்களைப் பிடிக்கும் முறையைக் கற்றார். கண்ணாடிக் கிண்ணத்து நீரில் உயிரோடு நீந்தும் சொறிமுட்டைகளை முதன்முதலில் உற்று நோக்கியதும் அங்கேதான். நன்னீர் நண்டு வகை ஒன்றின் இழையங்களை ஆராய்ந்து 1857 இல் மருத்துவ முனைவர் பட்டம் பெற்றார். மருத்துவராகத் தொழில் புரிவதில் மட்டும் இவருக்கு ஒருபோதும் மனம் ஒன்றவில்லை.

மெசினாவும் யெனாவும்

1859 இல் இத்தாலிக்குச் சென்ற ஹேக்கல், ஓவியராகிவிடலாமா என்று சில மாதங்கள் தடுமாறினார். அவ்வாண்டின் குளிர்காலத்தில் சிசிலித் தீவின் மெசினாத் துறைமுகத்தில் தங்கியபோது தடுமாற்றம் தீர்ந்தது. சிலிக்காவால் ஆன, கண்ணாடி போன்ற எலும்புச்சட்டம் கொண்ட ரேடியோலாரியாக்கள் அக்கடலில் மிகுந்திருந்தன. அதுவரை அறியப்படாத நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை ஒரே பருவத்தில் கண்டறிந்து வரைந்தார். 1862 இல் வெளியான ரேடியோலாரியா பற்றிய பெருநூல் இவருக்குப் புகழ் தேடித்தந்தது. யெனா பல்கலைக்கழகத்தில் 1861 முதல் கற்பிக்கத் தொடங்கி, 1865 இல் விலங்கியல் முழுப்பேராசிரியரானார். 1909 இல் ஓய்வு பெறும்வரை வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் மாறவில்லை.

1862 ஆகஸ்டில் தம் உறவினரான அன்னா சேதேயை மணந்தார். 1864 பெப்ரவரி 16 அன்று, அதாவது ஹேக்கலின் முப்பதாம் பிறந்த நாளிலேயே, அன்னா இறந்தார். அதே நாளில்தான் ரேடியோலாரியா நூலுக்கான பதக்கம் ஒன்றும் இவருக்கு வழங்கப்பட்டிருந்தது. துயரத்தில் நிலைகுலைந்த ஹேக்கலைப் பெற்றோர் நடுநிலக் கடலோரத்தில் உள்ள நீசு நகருக்கு அனுப்பினர். அங்கே கரையோர நீரில் கண்ட ஒரு சிறு சொறிமுட்டையின் பொன்னிற இழைகள் மனைவியின் கூந்தலை நினைவூட்டவே, அதற்கு மிட்ரோகோமா அன்னே எனப் பெயரிட்டார். பின்னாளில் அதைவிடப் பெரியதொரு சொறிமுட்டைக்கு டெசுமோனெமா அன்னசேதே என மீண்டும் அப்பெயரையே சூட்டினார். வகைப்பாட்டியலின் வறண்ட பெயர்ப்பட்டியல்களுக்கிடையே இவ்விரு பெயர்களும் தனித்துத் தெரிகின்றன. 1867 இல் உடற்கூற்றியலாளர் எமில் ஹுஷ்கேயின் மகளான ஆக்னஸ் ஹுஷ்கேயை இவர் மறுமணம் செய்துகொண்டார். இவர்களுக்கு மூன்று பிள்ளைகள்.

ஹேக்கலுக்கு முன் முதுகெலும்பிலிகளின் வகைப்பாடு

ஹேக்கலின் பணியை மதிப்பிட அதற்கு முந்தைய நிலையை அறிதல் வேண்டும். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு 1758 இல் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில், பூச்சிகளும் அவற்றைப் போன்ற கணுக்காலிகளும் நீங்கலாக எஞ்சிய முதுகெலும்பற்ற விலங்குகள் யாவற்றையும் புழுக்கள் என்ற ஒரே வகுப்பில் அடைத்தார். அதற்குள் சொறிமுட்டை, நட்சத்திரமீன், கணவாய், ஓடில்லா நத்தை ஆகியவை ஒரே வரிசையில் இருந்தன. பவளங்கள் வேறொரு வரிசையிலும், பாதித் தாவரம் பாதி விலங்கு எனக் கருதப்பட்ட ஐதரா இன்னொரு வரிசையிலும் வைக்கப்பட்டன. ஒன்றுக்கொன்று உறவுடைய சொறிமுட்டை, பவளம், ஐதரா மூன்றும் இவ்வாறு மூன்று இடங்களில் சிதறின.

முதுகெலும்பிலிகள் என்ற பெயரை ஆக்கியவர் பாரிசு நகரின் லமார்க். அவ்விலங்குகள் பற்றிய அவரது முதல் நூல் 1801 இல் வெளியானது. கியூவியே 1812 இல் விலங்குலகை நான்கு பெரும்பிரிவுகளாக்கியபோது, ஆரச் சமச்சீர் கொண்டவை என்பதால் சொறிமுட்டைகளையும் நட்சத்திரமீன்களையும் ஒன்றாகச் சேர்த்தார். வட்டமாக இருப்பவை எல்லாம் உறவினர் என்ற இக்கருத்து முப்பதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1840களின் பிற்பகுதியில் லொய்கார்ட் இதனை உடைத்தார். நட்சத்திரமீனுக்கு உணவுக்குழாயும் அதற்குப் புறம்பாக உடற்குழியும் உண்டு. சொறிமுட்டைக்கோ ஒரே குழிதான், அதுவே வயிறும் உடற்குழியும். ஆகவே சொறிமுட்டை, பவளம், ஐதரா ஆகியன குழியுடலிகள் என்ற புதிய பிரிவாயின. இதே காலத்தில், இராட்டில்சினேக் கப்பலில் மருத்துவராகச் சென்ற தாமஸ் ஹக்சுலி, சொறிமுட்டையின் உடல் இரண்டே படலங்களால் ஆனது என்றும், அவை உயர் விலங்குகளின் கருவில் தோன்றும் இரு படலங்களை ஒத்தவை என்றும் 1849 இல் காட்டினார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நோர்வே நாட்டவரான மைக்கேல் சார்சு, கடலடியில் ஒட்டி வாழும் சிறு குழல் போன்ற ஓர் உயிரையும், தட்டுகளை அடுக்கியது போன்ற மற்றோர் உயிரையும் தனித்தனி விலங்குகளாக 1829 இல் விவரித்திருந்தார். பின்னர் அவை இரண்டும் சொறிமுட்டை ஒன்றின் வளர்ச்சிப் பருவங்களே என்பதை அவரே கண்டறிந்தார். ஒட்டி வாழும் பருவம் பாலிப்பு எனவும், நீந்தும் பருவம் மெடூசா எனவும் வழங்கப்படுகின்றன. பாலிப்பை ஆய்ந்தவர் ஒரு பெயரும் மெடூசாவை ஆய்ந்தவர் வேறொரு பெயரும் இட்டிருந்ததால், ஒரே விலங்கு இரு குடும்பங்களில் இரு பெயர்களோடு இடம்பெற்றது. சார்சியா என்ற மெடூசாவும் சின்கோரைனே என்ற பாலிப்பும் இத்தகைய ஓர் இணையாகும். கம்பளிப்புழுவுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் தனித்தனி இனப்பெயர் சூட்டியதைப் போன்றது இது.

உறவுமரமாக வகைப்பாடு

டார்வினின் உயிரினங்களின் தோற்றம் நூலை ஹேக்கல் 1860 இல் செருமன் மொழிபெயர்ப்பில் படித்தார். 1866 இல் இரு தொகுதிகளாக வெளியான பொது உருவியல் என்ற நூலில், வகைப்பாடு என்பது ஒத்தவற்றைப் பெட்டிகளில் அடுக்குவது அன்று, அது உறவுமுறையைக் காட்டும் கால்வழி மரமாக இருத்தல் வேண்டும் என்று வாதிட்டார். விலங்குகள், தாவரங்கள், ஒற்றைக்கல உயிர்கள் அனைத்தையும் கிளைவிட்ட மரங்களாக அந்நூலில் வரைந்து காட்டினார். டார்வினின் நூலில் இருந்த ஒரே படமும் கிளைவிடும் வரைபடம்தான். ஆனால் அதில் எழுத்துகள் மட்டுமே இருந்தன. ஹேக்கல் அக்கிளைகளில் உண்மையான விலங்குகளின் பெயர்களை எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்து சென்று டார்வினை அவரது டவுன் இல்லத்தில் சந்தித்தார்.

1866–67 குளிர்காலத்தில் கனேரித் தீவுகளில் ஒன்றான லன்சரோட்டேயில் தம் மாணவர்களோடு தங்கிக் குழாய்ச்சொறிகளின் கரு வளர்ச்சியை ஆராய்ந்தார். குழாய்ச்சொறி என்பது பல சிறு உயிர்கள் பிரியாமல் சேர்ந்து மிதக்கும் கூட்டம் ஆகும். அதன் இளங்கருவைத் துண்டுகளாக வெட்டியபோது துண்டுகள் தனித்தனியே வளர்ந்ததை இவர் கண்டார். 1872 இல் சுண்ணாம்புக் கடற்பஞ்சுகள் பற்றி மூன்று தொகுதிகள் வெளியாயின. பல உயிரணு விலங்குகள் யாவும் இரு படலங்களால் ஆன கிண்ண வடிவ மூதாதை ஒன்றிலிருந்து தோன்றின என்ற கொள்கையை இந்த ஆய்வுகளின் வழியே இவர் உருவாக்கி 1874 இல் விரித்துரைத்தார். இக்கொள்கையின்படி சொறிமுட்டையும் ஐதராவும் அம்மூதாதையின் நிலையை விட்டு அதிகம் விலகாதவை. விலங்குலகின் ஓரத்தில் கிடந்த ஓர் உயிர் இதனால் அதன் வேருக்கு அருகில் வந்து சேர்ந்தது.

சொறிமுட்டைகள் பற்றிய பெருநூல்

சொறிமுட்டைகளின் ஒழுங்கமைப்பு என்ற நூலை ஹேக்கல் 1879 இல் 40 வண்ணத் தகடுகளுடன் வெளியிட்டார். இதன் இரண்டாம் பகுதி 1881 இல் வந்தது. அதுவரை அறியப்பட்ட எல்லா மெடூசாக்களையும் ஒரே நூலில் தொகுக்கும் முயற்சி இது.

குடையின் விளிம்பில் உட்புறமாக மெல்லிய திரை உள்ளவை, இல்லாதவை என்ற இரு பெரும்பிரிவுகளை இவருக்கு முன்பே கெகன்பவுர் வகுத்திருந்தார். ஹேக்கல் ஒவ்வொன்றையும் நான்கு வரிசைகளாகப் பிரித்தார். திரையுள்ளவற்றில் இனப்பெருக்க உறுப்புகள் எங்கே அமைந்துள்ளன, உணர்வுறுப்புகள் எவ்வகையின, பாலிப்புப் பருவம் உண்டா இல்லையா என்பன அளவுகோல்களாயின. வயிற்றுக் குழாயின் சுவரில் இனப்பெருக்க உறுப்பு இருந்தால் ஒரு வரிசை, ஆரக்கால்வாய்களின் மேல் இருந்தால் வேறொரு வரிசை. திரையில்லாதவற்றில், காம்பால் பாறையையோ கடற்பாசியையோ பற்றிக்கொண்டு வாழும் காம்புச் சொறிமுட்டைகளுக்கும், நாற்பக்கப் பெட்டி போன்ற குடையும் கடும் நஞ்சும் கொண்ட பெட்டிச் சொறிமுட்டைகளுக்கும் தனி வரிசைகள் அளித்தார். நாம் கடற்கரையில் காணும் தட்டு வடிவச் சொறிமுட்டைகளில் பெரும்பாலானவை எஞ்சிய இரு வரிசைகளுள் ஒன்றில் அடங்கின.

இந்நூலின் குறை இரண்டு இடங்களில் உள்ளது. முதலாவது, இவர் மெடூசா உருவத்தை மட்டுமே கொண்டு வகைப்படுத்தியதால் பாலிப்புக்கும் மெடூசாவுக்கும் தனித்தனி வகைப்பாடு என்ற பழைய பிளவு தீரவில்லை. அது 20 ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் தொடர்ந்தது. உறவுமுறையே வகைப்பாட்டின் உயிர் என்று கூறியவர், ஒரே விலங்கின் இரு பருவங்களை ஒன்று சேர்க்காமல் விட்டது வியப்புக்குரியது. இரண்டாவது, இனங்களையும் பேரினங்களையும் இவர் மிகத் தாராளமாக உருவாக்கினார். இழைகளின் எண்ணிக்கையிலோ குடையின் உயரத்திலோ சிறு வேறுபாடு கண்டாலும் புதுப்பெயர் இட்டார். சொறிமுட்டையின் இழைகள் வயதுக்கேற்பப் பெருகுபவை. சாராயத்தில் இட்டால் உடல் சுருங்கும். அமெரிக்க விலங்கியலாளர் மேயர் 1910 இல் உலகின் மெடூசாக்கள் பற்றி மூன்று தொகுதிகள் வெளியிட்டபோது ஹேக்கல் தந்த பெயர்களில் பலவற்றை ஒன்றோடொன்று இணைக்க நேர்ந்தது.

யெனாவில் இவரிடம் பயின்ற ஒஸ்கார், ரிச்சர்ட் ஹெர்ட்விக் சகோதரர்கள் சொறிமுட்டைகளின் நரம்பு மண்டலத்தையும் உணர்வுறுப்புகளையும் பற்றி 1878 இல் எழுதிய நூலும் இத்துறையில் அடிப்படையானது.

சலஞ்சர் அறிக்கைகள்

1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிவந்த பிரித்தானியக் கப்பலான சலஞ்சர் சேகரித்த மாதிரிகளில் நான்கு பிரிவுகள் ஹேக்கலிடம் ஒப்படைக்கப்பட்டன. ஆழ்கடல் சொறிமுட்டைகள், ரேடியோலாரியாக்கள், குழாய்ச்சொறிகள், ஆழ்கடல் கடற்பஞ்சுகள் ஆகியன அவை. 1887 இல் முடிவுற்ற ரேடியோலாரியா அறிக்கை மட்டும் 140 தகடுகளையும், 3,500க்கு மேற்பட்ட புதிய இனங்களையும் கொண்டது. ஒரு தனி மனிதரின் உழைப்பு என்று நம்புவதே கடினம்.

குழாய்ச்சொறிகள் பற்றிய 1888 ஆம் ஆண்டு அறிக்கையில் 50 தகடுகள் உள்ளன. தமிழ்நாட்டுக் கரைகளில் காற்று வீசும் பருவங்களில் ஒதுங்கும் நீலநிற வட்டப் பொத்தான் போன்ற போர்ப்பிட்டாவையும், பாய்மரம் போன்ற தகடுடைய வெலெல்லாவையும் பிற குழாய்ச்சொறிகளிலிருந்து தனிப்படுத்தி ஒரு துணைப்பிரிவாக இதில் வைத்தார். பிற்கால ஆய்வுகள் இன்னும் ஒரு படி சென்று அவற்றைக் குழாய்ச்சொறிகளிலிருந்து முழுவதும் நீக்கிவிட்டன.

இலங்கைப் பயணம்

1881 அக்டோபரில் யெனாவிலிருந்து புறப்பட்ட ஹேக்கல், திரியெஸ்த் துறைமுகத்தில் கப்பலேறி, பம்பாயில் சில நாள்கள் தங்கி, நவம்பர் 21 அன்று கொழும்பு வந்தடைந்தார். வெப்பமண்டலக் கடலில் உயிருள்ள சொறிமுட்டைகளையும் குழாய்ச்சொறிகளையும் காணவேண்டும் என்பது இவரது நெடுநாள் விருப்பம். ஆய்வுக்கு இவர் தெரிவு செய்த இடம் தென்கரையில் காலிக்கும் மாத்தறைக்கும் இடையே உள்ள வெலிகமை. அங்கிருந்த பயணியர் விடுதியில் நுண்நோக்கிகளையும் கண்ணாடிக் குடுவைகளையும் கொண்டு ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்து, டிசம்பரிலும் சனவரியிலும் ஏறத்தாழ ஆறு வாரங்கள் பணிபுரிந்தார். சேகரிப்பில் இவருக்குத் துணை நின்றவன் ரொடியா என்ற ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு சிறுவன். மற்றவர்கள் தீண்டத் தயங்கிய அச்சிறுவனைப் பற்றி ஹேக்கல் தம் பயண நூலில் அன்போடு எழுதியுள்ளார்.

ஆய்வு எதிர்பார்த்தபடி அமையவில்லை. நடுநிலக் கடலில் நாள்முழுதும் கிண்ணத்தில் உயிரோடு வைத்துப் பார்க்க முடிந்த மென்னுடல் விலங்குகள், இலங்கையின் வெப்பத்தில் கரைக்குக் கொண்டுவரும் முன்பே சிதையத் தொடங்கின. காலையில் வலைவீசிப் பிடித்ததை உடனே வரையாவிட்டால் வரைவதற்கு எதுவும் எஞ்சாது. அக்காலத்தில் பனிக்கட்டியோ குளிரூட்டும் கருவியோ வெலிகமையில் இல்லை. நம் கடற்கரை ஆய்வுநிலையங்களில் பணிபுரிவோர் இத்தொல்லையை நன்கு அறிவர்.

வெலிகமையின் அன்றைய ஐரோப்பிய எழுத்துவடிவம் இத்தாலிய மொழியில் அழகிய மணி என்று பொருள்படும் சொற்களை ஒத்திருந்தது. இச்சொல் விளையாட்டில் மகிழ்ந்த ஹேக்கல், ஒரு சொறிமுட்டைக்கு டோரியுமா பெல்லஜெம்மா எனப் பெயரிட்டார். 1882 மார்ச்சில் இலங்கையை விட்டுப் புறப்பட்டார். பயணக் கடிதங்கள் நூலாக வெளிவந்து, ஆங்கிலத்திலும் மொழிபெயர்க்கப்பட்டன. ஊர் திரும்பியதும் யெனாவில் தாம் கட்டிய வீட்டுக்கு மெடூசா இல்லம் என்று பெயர் வைத்தார். அதன் உட்கூரையில் சொறிமுட்டை உருவங்கள் வரையப்பட்டுள்ளன.

ஹேக்கலின் வருகைக்குப் பின், 1902 இல் ஹெர்ட்மன் இலங்கை முத்துக்குளிப்புப் பார்களை ஆராய்ந்தபோது சேகரித்த சொறிமுட்டைகளை பிரவுன் 1905 இல் விவரித்தார். சென்னைக் கடலின் சொறிமுட்டைகளை எம். ஜி. கே. மேனன் 1930 இல் சென்னை அரசு அருங்காட்சியக வெளியீட்டில் வகைப்படுத்தினார்.

கருப்படச் சர்ச்சை

ஒவ்வொரு விலங்கும் கருவில் வளரும்போது தன் மூதாதையரின் வரலாற்றைச் சுருக்கமாக மீண்டும் கடந்து செல்கிறது என்பது ஹேக்கல் 1866 இல் முன்வைத்த உயிர்த்தோற்ற விதி. இது அப்படியே உண்மையன்று என்பது பின்னர் தெளிவாயிற்று. இவ்விதியைப் பொதுமக்களுக்கு விளக்க 1868 இல் எழுதிய இயற்கைப் படைப்பு வரலாறு என்ற நூலில், நாய், கோழி, ஆமை ஆகிய மூன்றின் இளங்கருக்களுக்கும் ஒரே மர அச்சையே மும்முறை பயன்படுத்தியிருந்தார். பாசல் நகர விலங்கியலாளர் ருட்டிமையர் இதனைச் சுட்டிக்காட்டினார். அடுத்த பதிப்பில் ஒரே படமாகத் திருத்தப்பட்டது. ஆனால் 1874 ஆம் ஆண்டு நூலில் வரைந்த கருப்படங்களிலும் ஒற்றுமைகளை மிகைப்படுத்தியதாக வில்கெல்ம் ஹிஸ் குற்றஞ்சாட்டினார். 1908 இல் குற்றச்சாட்டு மீண்டும் எழுந்தது. 1997 இல் ரிச்சர்ட்சனும் பிறரும் உண்மையான கருக்களை ஒளிப்படமெடுத்து ஒப்பிட்டபோது, இளம் பருவத்திலேயே அவற்றுக்கிடையே கணிசமான வேறுபாடுகள் இருப்பது வெளிப்பட்டது.

படிவளர்ச்சியை மறுப்போர் இச்சர்ச்சையைத் தமக்குச் சாதகமாகப் பயன்படுத்துவதுண்டு. படிவளர்ச்சிக் கொள்கை ஹேக்கலின் படங்களைச் சார்ந்து நிற்பதன்று. எனினும் இவருடைய பிழையை வெறும் கவனக்குறைவு என்று ஒதுக்குவதும் பொருந்தாது. தாம் காண விரும்பிய சமச்சீரைக் கண்ணெதிரே இருந்ததன்மீது ஏற்றி வரையும் இயல்பு இவரிடம் இருந்தது. சாராயத்தில் கசங்கிய ஆழ்கடல் சொறிமுட்டையை முழுமையான வடிவில் வரைந்ததும் இதே கைதான்.

மனித வகைப்பாடும் இலெமூரியாவும்

சொறிமுட்டைகளை வகைப்படுத்திய அதே முறையை ஹேக்கல் மனிதருக்கும் பயன்படுத்தினார். இயற்கைப் படைப்பு வரலாறு நூலின் பிந்திய பதிப்புகளில் மனிதரை 12 தனி இனங்களாகப் பிரித்து, உயர்வு தாழ்வு கற்பித்து, மரத்தில் அடுக்கினார். அவற்றுள் திராவிடர் ஒரு தனி இனம். தக்காண மக்களோடு சிங்களவரையும் அதே இனத்தில் சேர்த்தார். தலைமுடியின் வகை இவருக்கு முதன்மையான அளவுகோல்களுள் ஒன்று. ஒரு சொறிமுட்டையில் இழையை எண்ணிப் புதிய இனம் படைத்ததன் தீங்கு நூலகத்தோடு முடிந்துவிடும். மனிதரில் அவ்வாறு செய்ததன் தீங்கு அப்படி முடியவில்லை. இவருடைய எழுத்துகள் பிற்கால இனவாதிகளாலும் இனமேம்பாட்டுவாதிகளாலும் எடுத்தாளப்பட்டன. இவரது நூறாம் நினைவாண்டான 2019 இல், மனித இனங்கள் என்ற பகுப்புக்கு உயிரியல் அடிப்படை இல்லை என்றும் அப்பகுப்பு இனவாதத்தின் விளைவே என்றும் யெனாவின் விலங்கியலாளர்கள் அறிக்கை வெளியிட்டனர்.

தமிழ் வாசகர்களுக்கு ஹேக்கலின் பெயர் பெரும்பாலும் இலெமூரியா வழியாகவே அறிமுகமாயிற்று. மடகாசுகரிலும் இந்தியாவிலும் ஒத்த விலங்குகளின் எச்சங்கள் காணப்படுவதை விளக்க, இந்துமாக்கடலில் ஒரு பழைய நிலப்பரப்பு இருந்திருக்கவேண்டும் என ஆங்கிலேய விலங்கியலாளர் சிலேட்டர் 1864 இல் கருதி, லெமூர் என்ற விலங்கின் பெயரால் அதற்கு இலெமூரியா எனப் பெயரிட்டார். மனித குலத்தின் தொட்டில் அதுவாகவே இருக்கலாம் என்று எழுதி, வரைபடத்திலும் குறித்துக்காட்டியவர் ஹேக்கல். குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட மூதாதைக்கு எலும்பு ஒன்றும் கிடைக்கும் முன்பே பிதிகாந்திரோபசு எனப் பெயரிட்டிருந்தார். அதைத் தேடிக் கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்ற டச்சு மருத்துவர் டுபுவா, 1891 இல் சாவகத்தில் புதைபடிவங்களைக் கண்டெடுத்து அப்பெயரையே சூட்டினார். ஊகத்தில் பிறந்த பெயர் உண்மையான எலும்பை அடைந்த அரிய நிகழ்வு இது.

கடல்கொண்ட நிலத்தையும் தென்மதுரையையும் பற்றிய செய்திகள் சிலப்பதிகாரத்திலும் இறையனார் களவியல் உரையிலும் ஹேக்கலுக்கு பல நூற்றாண்டுகள் முன்பே உள்ளவை. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தமிழறிஞர் பலர் இம்மரபை இலெமூரியாவோடு இணைத்துக் குமரிக்கண்டம் பற்றி எழுதியபோது ஹேக்கலைச் சான்றாகக் காட்டினர். ஆனால் அதே ஹேக்கல் திராவிடரைத் தம் மரத்தில் எங்கே வைத்தார் என்பது அவ்வெழுத்துகளில் அரிதாகவே பேசப்பட்டது. 1960களில் நிலத்தட்டு நகர்வுக் கொள்கை நிலைபெற்றபின், கண்டங்களே இடம்பெயர்ந்தன என்பது தெளிவாகி, மூழ்கிய கண்டம் என்ற ஊகத்துக்குத் தேவை இல்லாமற்போயிற்று. பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது தமிழகமும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன என்பது இதனின்று வேறான, உறுதிப்பட்ட செய்தி.

இயற்கையின் கலை வடிவங்கள்

1899 முதல் 1904 வரை பகுதி பகுதியாக வெளியான இயற்கையின் கலை வடிவங்கள் என்ற 100 தகடுகள் கொண்ட நூல், இவருடைய படைப்புகளில் இன்றும் மிகுதியாக மறுபதிப்புக் காண்பது. ஹேக்கலின் ஓவியங்களைக் கல்லச்சுக்கு ஏற்றவர் யெனாவின் அடோல்ப் கில்ட்சு. அன்னாவின் பெயர்தாங்கிய சொறிமுட்டை 8 ஆம் தகட்டிலும், வெலிகமையின் பெயர்தாங்கியது 28 ஆம் தகட்டிலும் உள்ளன. முதுமையில் தம்மோடு நெருங்கிய கடிதத் தொடர்பு கொண்டிருந்த பிரிடா என்ற பெண்மணியின் பெயரை 88 ஆம் தகட்டிலுள்ள ரோபிலேமா ஒன்றுக்கு இட்டார். கட்டடக் கலைஞர் ரெனே பினே, 1900 ஆம் ஆண்டு பாரிசுக் கண்காட்சியின் நுழைவாயிலை ஹேக்கலின் ரேடியோலாரியாப் படங்களைக் கொண்டு வடிவமைத்தார்.

இறுதிக்காலம்

1899 இல் வெளியான உலகப் புதிர்கள் என்ற நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு இலட்சக்கணக்கில் விற்பனையானது. பொருளும் உயிரும் ஒன்றே என்ற ஒருமைவாதத்தைப் பரப்ப 1906 இல் யெனாவில் ஒரு கழகம் அமைத்தார். 1900–01 இல் சாவகம், சுமாத்திரா தீவுகளுக்கும் பயணம் செய்தார். 1908 இல் யெனாவில் இவர் நிறுவிய படிவளர்ச்சி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 1910 இல் திருச்சபையிலிருந்து முறைப்படி விலகினார். முதல் உலகப்போர் தொடங்கியபோது செருமானியப் படையெடுப்பை நியாயப்படுத்திய அறிஞர் 93 பேரின் அறிக்கையில் இவரும் கையெழுத்திட்டார். 1919 ஆகஸ்ட் 9 அன்று மெடூசா இல்லத்தில் காலமானார். அவ்வீடு பின்னர் இவரது கையெழுத்துப்படிகளையும் ஓவியங்களையும் காக்கும் நினைவில்லமாயிற்று.

இன்றைய வகைப்பாட்டில்

ஹேக்கல் படைத்த இனப்பெயர்களில் பல கழிந்துவிட்டன. பெரும்பிரிவுகளின் நிலை வேறு. 1879 ஆம் ஆண்டு நூலில் தனி வரிசையாக்கிய பெட்டிச் சொறிமுட்டைகளின் வாழ்க்கைச் சுழற்சியை ஆராய்ந்த வெர்னர், அவற்றை 1970களில் தனி வகுப்பாகவே உயர்த்தினார். காம்புச் சொறிமுட்டைகளும் 2004 இல் மார்க்கெசு, கொலின்சு ஆகியோரால் தனி வகுப்பாயின. டி.என்.ஏ. ஒப்பீடுகளும் இப்பிரிவுகளுக்கு வலுச்சேர்த்துள்ளன. குழியுடலிகள் என்ற பழைய தொகுதி இப்பொழுது வழக்கில் இல்லை. அதிலிருந்து 1888 இல் ஹட்செக் கடற்பஞ்சுகளையும், கொட்டும் உயிரணு இல்லாத சீப்புச் சொறிகளையும் பிரித்தார். கொட்டும் உயிரணு உடையவை நிடேரியா என்ற தொகுதியாக எஞ்சின. மீன்களில் ஒட்டுண்ணியாக வாழும், நெடுங்காலம் ஒற்றைக்கல உயிர் என்று கருதப்பட்ட மிக்சோசோவாவும் அத்தொகுதியைச் சேர்ந்ததே என்பது மரபணு ஆய்வுகளால் உறுதியாயிற்று. ஹேக்கல் இதனை எதிர்பார்த்திருக்க இயலாது.

ரோபிலேமா என்ற பேரினப் பெயர் ஹேக்கல் 1880 இல் இட்டதாகும். அதன் ஓர் இனமான ரோபிலேமா இசுப்பிடம் பாக்கு நீரிணையிலும் காணப்படுகிறது. உப்பும் படிகாரமும் இட்டு உலர்த்தப்படும் உண்ணத்தக்க சொறிமுட்டைகளுள் அதுவும் ஒன்று.